கை மூட்டும் ஜவ்வும்: விழுந்த நிமிடத்திலிருந்து வேலைக்குத் திரும்பும் வரை

செட்டிநாட்டில் கை மூட்டில் அடிபட விளையாட்டு மைதானம் தேவையில்லை. ஐப்பசி மழையில் வீட்டு முற்றத்தைச் சுற்றிய வளவு நனைந்தால் போதும். ஆத்தங்குடிக் கல் பதித்த தளம் காய்ந்திருக்கும்போது வெறுங்காலில் நடக்கச் சுகமாக இருக்கும். முற்றத்துச் சாரல் பட்டு ஈரமானால் வழுக்கும். வழுக்குகிறவர் யாராக இருந்தாலும் கையைத்தான் ஊன்றுவார். அந்த ஒரு நொடியில் உடம்பின் எடை உள்ளங்கை வழியாக மணிக்கட்டு, முழங்கை, தோள்பட்டை என்று ஏறுகிறது. எந்த இடம் தாங்கவில்லையோ அங்கே ஜவ்வு இழுபடும், கிழியும், அல்லது எலும்பு விட்டுவிடும். இது போக, தை மாதம் சிராவயல் மஞ்சுவிரட்டில் மாட்டை அணைக்கப் போய்த் தோளை இழந்து வருகிறவர்கள், தேர்வடம் இழுத்துவிட்டு மறுநாள் கையைத் தூக்க முடியாமல் தவிப்பவர்கள், பலகாரக் கடைக்கு நாள் முழுக்கத் தேன்குழல் பிழிந்து மணிக்கட்டைக் கெடுத்துக்கொள்ளும் பெண்கள் என்று வரிசை நீளம்.

நான் பார்த்தவரை, அடிபட்டதால் மட்டும் கெட்டுப்போகும் கைகள் குறைவு. அடிபட்ட பின் நாம் செய்வதுதான் பல கைகளைக் கெடுக்கிறது. முதல் நாளே இழுத்து நீவுகிறோம். அப்புறம் பயந்துபோய் இரண்டு மாதம், கழுத்திலிருந்து கையைத் தாங்கும் தூளியிலேயே போட்டு வைக்கிறோம். செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறு: முதல் இரண்டு மூன்று நாள் கையைச் சும்மா விட வேண்டும், அதற்குப் பிறகு சும்மா விடக் கூடாது. கீழே வருவதெல்லாம் இதன் விரிவுதான்.

எது கிழிகிறது?

ஒரு எலும்பை இன்னொரு எலும்போடு பிணைத்து வைப்பது ஜவ்வு. தசையை எலும்போடு இணைப்பது தசைநாண். ஜவ்வு பிசகினால் மூட்டு ஆடும், பிடிமானம் போகும். தசைநாண் கெட்டால் குறிப்பிட்ட ஒரு அசைவு மட்டும் வலிக்கும் அல்லது வராமலே போகும். இரண்டுக்கும் ரத்த ஓட்டம் குறைவு. தோல் காயம் வாரத்தில் ஆறுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு, ஜவ்வு மாதக்கணக்கில் இழுப்பது எரிச்சலாகத்தான் இருக்கும்.

ஜவ்வுக் காயத்தை மருத்துவர்கள் மூன்று தரமாகப் பிரிக்கிறார்கள். முதல் தரத்தில் நார்கள் இழுபட்டிருக்கும், மூட்டு உறுதியாக இருக்கும். ஒன்று முதல் மூன்று வாரத்தில் சரியாகும். இரண்டாவதில் பாதி கிழிந்திருக்கும், வீக்கமும் ரத்தக் கன்றலும் தெரியும். மூன்று முதல் ஆறு வாரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். மூன்றாவது முழுக் கிழிசல். இதில் ஒரு வஞ்சகம் உண்டு: முழுவதும் அறுந்தபின் வலி சற்றுக் குறைந்ததுபோல் இருக்கும். "வலியே இல்லையே" என்று வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். வலியின் அளவை வைத்து மட்டும் காயத்தின் அளவைக் கணிக்க முடியாது.

படி 1: விழுந்த முதல் பத்து நிமிடம்

முதலில் மோதிரம், வளையல், கைக்கடிகாரம், கையில் கட்டிய கயிறு எல்லாவற்றையும் கழற்றுங்கள். வீக்கம் ஏறிய பிறகு கழற்ற முடியாது. விரலுக்கு ரத்தம் போவது தடைபடும். மாட்டிக்கொண்டால் சோப்பு நுரை போட்டுப் பாருங்கள். வராவிட்டால் வெட்டி எடுக்கச் சொல்லுங்கள். பரம்பரை வைர மோதிரமாக இருந்தாலும் சரி, விரலைவிடப் பெரிதில்லை.

அடுத்து, அடிபட்ட கையையும் நல்ல கையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உருவம் மாறியிருக்கிறதா? விரல் நுனி வெளுத்தோ நீலமாகவோ இருக்கிறதா? நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்புகிறதா? விரல்களைத் தொட்டால் உணர்வு இருக்கிறதா, மடக்கி நீட்ட முடிகிறதா? இவற்றில் ஒன்று தவறினாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம். எலும்பு வெளியே தெரிகிற காயம், மூட்டு இடம் மாறித் தெரிவது, நேரமாக ஆகக் கூடிக்கொண்டே போகும் விண்விண்ணென்ற வலி ஆகியவையும் அப்படியே. 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது கையைத் தாங்கலாகக் கட்டி உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். போகிற வழியில் காபி, இட்லி எதுவும் கொடுக்காதீர்கள்; மூட்டை உள்ளே தள்ள மயக்கம் கொடுக்க வேண்டியிருந்தால் வயிறு காலியாக இருப்பது நல்லது.

கையைத் தாங்கக் கடைச் சாமான் எதுவும் வேண்டாம். தோள் துண்டு போதும். முழங்கையை மடக்கி முன்கையைத் துண்டின் நடுவில் வைத்து, இரு முனைகளையும் கழுத்துக்குப் பின்னால் ஓரமாக முடிச்சுப் போடுங்கள். கைவிரல்கள் முழங்கையைவிடச் சற்று மேலே இருக்க வேண்டும். முழங்கை மடங்காமல் வலித்தால் மடக்காதீர்கள். எந்த நிலையில் வலி குறைவோ அந்த நிலையிலேயே தலையணை கொடுத்துத் தாங்குங்கள்.

படி 2: முதல் மூன்று நாள்

ஐஸ் கட்டியை ஈரத்துணியில் சுற்றி 15 நிமிடம் வைத்து எடுங்கள். இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறை செய்யலாம். நேரடியாகத் தோலில் வைத்தால் தோல் வெந்தது போலாகும். நீண்ட நாள் சர்க்கரை உள்ளவர்களுக்கு உணர்ச்சி மங்கியிருக்கும் என்பதால் அவர்களுக்குப் பத்து நிமிடம் போதும், இடையில் தோலைப் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். ஐஸ் வலியை மட்டுப்படுத்தும், ஜவ்வை ஒட்டவைக்காது. அதனால் நாளெல்லாம் வைத்துக்கொண்டிருப்பதில் பலனில்லை.

கிரேப் பேண்டேஜ் சுற்றுவதானால் விரல் பக்கத்திலிருந்து முழங்கையை நோக்கிச் சுற்றுங்கள். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மூடட்டும். கட்டுக்குள் ஒரு விரல் நுழைய வேண்டும். மரத்துப்போனாலோ குறுகுறுத்தாலோ உடனே தளர்த்துங்கள். படுக்கும்போது கையை நெஞ்சு மட்டத்துக்கு மேல் இருக்கும்படி தலையணையில் வையுங்கள்.

இந்த நாட்களில் ஒத்தடம், சூடான எண்ணெய், நீவுதல், மது எதுவும் கூடாது. எல்லாமே உள்ளே கசியும் ரத்தத்தைக் கூட்டும்.

வலிக்குப் பாராசிட்டமால் பெரும்பாலானவர்களுக்குப் பாதுகாப்பானது; கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் கேட்டுச் சாப்பிடட்டும். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வகைகளைச் சிறுநீரகக் கோளாறு, குடல் புண், இதய நோய், ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை உள்ளவர்கள் தாமாக வாங்கக் கூடாது. மருந்துக்கடையில் பெயர் தெரியாமல் கவரில் போட்டுத் தரும் "வலி செட்டு" இன்னும் மோசம். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் வலி பறந்துவிடும், சர்க்கரை எகிறும். கிழிந்த ஜவ்வு கிழிந்தபடியே இருக்கும்.

நீவுவதும் பத்துப் போடுவதும்

"விடுங்க ஆச்சி, எண்ணெய் போட்டு ரெண்டு இழுப்பு இழுத்தாச் சரியாப் போகும்" என்று சொல்ல எல்லா ஊரிலும் ஒருவர் இருப்பார். கழுத்துப் பிடிப்பு, முதுகுச் சுளுக்கு போன்ற தசைப் பிடிப்புகளுக்கு அவர்கள் கை சுகம் தருவதை நான் மறுக்கவில்லை. மூட்டில் அடிபட்டுப் புதிதாக வீங்கிய கைக்கு அந்தக் கை ஆகாது. முக்கியமாக முழங்கைக்கு.

முழங்கையில் பலத்த அடிபட்டால் மூட்டுக்கு முன்னாலுள்ள தசைக்குள் ரத்தம் கசிகிறது. அதை அழுத்தி நீவ நீவ, அந்த இடத்தில் தசைக்குள்ளேயே எலும்பு வளர ஆரம்பிக்கிறது. சில வாரம் கழித்துப் பார்த்தால் முழங்கை பாதியில் நிற்கும். மடங்கவும் மடங்காது, நீளவும் நீளாது. பிள்ளைகளிடமும் இளைஞர்களிடமும் இது அதிகம். விறைப்பைப் போக்குகிறேன் என்று மறுபடி பலமாக இழுத்தால் எலும்பு இன்னும் வளரும். எலும்பு மருத்துவர்களிடம் கேட்டால், நம் நாட்டில் முழங்கை இறுகிப்போக இந்த நீவுதல் ஒரு முக்கியக் காரணம் என்பார்கள்.

உளுந்து மாவும் முட்டை வெண்கருவும் குழைத்துப் பத்துப் போட்டு மூங்கில் சிம்பு வைத்துக் கட்டுவது இன்னொரு வழக்கம். கட்டு இறுகக் காயும். உள்ளே வீக்கம் ஏறும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிய தசைக்கு ரத்தம் போகாது. ஆறு மணி நேரத்தைத் தாண்டினால் முன்கைத் தசை செத்து, விரல்கள் உள்பக்கமாகச் சுருங்கிப்போன கையாக மிஞ்சும். மருத்துவமனையில் போடும் மாவுக்கட்டிலும் இந்த ஆபத்து உண்டு. அதனால்தான் முதல் நாள் முழு வட்டமாகப் போடாமல் பாதிக் கட்டாகப் போட்டு அனுப்புகிறார்கள். எந்தக் கட்டாக இருந்தாலும் சோதனை ஒன்றே: நல்ல கையால் அடிபட்ட கையின் விரல்களை மெதுவாக நீட்டிப் பாருங்கள். உயிர் போவது போல் வலித்தால், இரவு இரண்டு மணியானாலும் கட்டைப் பிரிக்க வேண்டும். காலை வரை காத்திருக்கக் கூடாது.

படி 3: எந்த மூட்டு என்று பாருங்கள்

தோள்பட்டை. உடம்பிலேயே அதிகம் சுழல்வதும் இதுதான், அதிகம் விலகுவதும் இதுதான். தட்டில் வைத்த எலுமிச்சம்பழம் மாதிரி, ஆழமில்லாத குழியில் பெரிய உருண்டை. பிடித்து வைப்பது ஜவ்வும் தசையும்தான். விலகினால் தோளின் வளைவு தட்டையாகும், அடிபட்டவர் அந்தக் கையை மறு கையால் தாங்கிக்கொண்டு வருவார். நூறில் தொண்ணூற்றைந்து விலகல் முன்பக்கமாகத்தான். வலிப்பு வந்தவருக்கும் மின்சாரம் தாக்கியவருக்கும் பின்பக்கமாக விலகலாம். நேர்க்கோணத்தில் எடுத்த ஒற்றை எக்ஸ்ரேயில் அது தப்பிவிடும், பக்கவாட்டுப் படமும் கேளுங்கள். மாடுபிடிக் களத்தில் கூட்டாளியே காலால் அக்குளில் உதைத்து உள்ளே தள்ளுவதை வீரமாகச் சொல்வார்கள். கூடவே எலும்பு முறிந்திருந்தாலோ நரம்பு மாட்டியிருந்தாலோ அந்த ஒரு உதையில் கை போகும். தோளின் வெளிப்பக்கத்தில் உள்ளங்கை அளவுக்கு மரத்திருக்கிறதா என்று பார்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள். அது நரம்பு அடிபட்டதன் அடையாளம்.

இருபது வயதுக்காரருக்கும் அறுபது வயதுக்காரருக்கும் அதன்பின் பாதை வேறு. இளைஞருக்குத் திரும்பத் திரும்ப விலகும் ஆபத்து மிக அதிகம். கிழிந்த ஜவ்வைத் துளைவழி அறுவை செய்து தைப்பது பற்றி அவர் சீக்கிரமே பேச வேண்டியிருக்கும். வயதானவருக்கு மறுபடி விலகுவது குறைவு. அவருக்குத் தோளைச் சுற்றியுள்ள தசைநாண் கிழிவதும் தோள் இறுகுவதும்தான் பிரச்சினை. மூட்டு உள்ளே போன பிறகும் ஓரிரு வாரத்தில் கையைத் தூக்க முடியவில்லை என்றால் ஸ்கேன் அவசியம்.

வண்டியிலிருந்து தோள் முனை தரையில் படும்படி விழுந்தவருக்குக் காறை எலும்பின் நுனியில் மேடு தட்டும். பெரும்பாலும் தூளியும் பயிற்சியுமே போதும். மேடு மட்டும் நிரந்தரமாக இருக்கும்.

முழங்கை. விலகி உள்ளே தள்ளிய முழங்கையை மூன்று வாரத்துக்கு மேல் அசைக்காமல் வைத்தால் விறைத்துவிடும். பலருக்கு ஒரு வாரம், பத்து நாளிலேயே அசைக்கச் சொல்வார்கள். பயப்பட வேண்டாம், அது அவசரம் அல்ல, கணக்கு. ஈட்டி எறிபவர்களுக்கும் பேஸ்பாலில் பந்து எறிபவர்களுக்கும் முழங்கையின் உட்பக்க ஜவ்வு கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். 1974-இல் அமெரிக்கப் பேஸ்பால் வீரர் டாமி ஜானுக்கு, மணிக்கட்டிலிருந்து எடுத்த தசைநாணை வைத்து அந்த ஜவ்வைப் புதிதாகக் கட்டினார் மருத்துவர் பிராங்க் ஜோப். அறுவையே அந்த வீரர் பெயரில் நின்றுவிட்டது.

சின்னப் பிள்ளைகள் தனி. ஒன்றிலிருந்து நாலு வயதுக்குள் உள்ள குழந்தையை இரண்டு கையையும் பிடித்துத் தூக்கி ஆட்டினால், முழங்கையில் ஒரு எலும்பின் தலை ஜவ்வு வளையத்திலிருந்து நழுவும். வீக்கம் இருக்காது, குழந்தை அந்தக் கையை மட்டும் தொங்கவிட்டு எதையும் எடுக்காது. மருத்துவர் சில நொடியில் சரிசெய்துவிடுவார், கொஞ்ச நேரத்தில் பிள்ளை பிஸ்கட்டுக்கு அதே கையை நீட்டும். விழுந்து வீங்கிய முழங்கையில் மட்டும் இந்த வித்தையை யாரும் செய்யக் கூடாது.

மணிக்கட்டு. கையை ஊன்றி விழுந்து "சுளுக்குத்தான்" என்று விட்ட மணிக்கட்டுதான் பின்னால் அதிகம் அழ வைக்கும். கட்டைவிரலை மேலே உயர்த்துங்கள். அதன் அடியில் மணிக்கட்டின் பக்கத்தில் ஒரு குழி விழும். அந்தக் குழியில் அழுத்தினால் வலிக்கிறதா? அப்படியானால் படகு போன்ற சின்ன எலும்பு ஒன்று முறிந்திருக்கலாம். முதல் நாள் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகும். கட்டைவிரலைச் சேர்த்துக் கட்டிவிட்டு 10 முதல் 14 நாளில் மறுபடி படம் எடுக்க வேண்டும். அந்த எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு; விட்டுவிட்டால் ஒட்டாமலே நின்று மூட்டு தேயும். சுண்டுவிரல் பக்கம் வலித்தால், அதுவும் வீட்டு முகப்புக் கதவின் பெரிய இரும்புச் சாவியைத் திருப்பும்போது சுருக்கென்றால், அந்தப் பக்கத்து ஜவ்வுத் தட்டு கிழிந்திருக்க வாய்ப்புண்டு.

விரல்கள். மாட்டுத் திமிலையோ கபடியில் எதிராளியின் காலையோ பிடிக்கும்போது கட்டைவிரல் வெளிப்பக்கம் மடங்கினால் அதன் உட்பக்க ஜவ்வு அறும். சாவியைக் கிள்ளிப் பிடிக்க முடியாவிட்டால் இதைச் சந்தேகப்படுங்கள். முழுக்க அறுந்ததைச் சில வாரத்துக்குள் தைக்காவிட்டால் பிடி திரும்பாது. கைப்பந்து நேராக விரல் நுனியில் பட்டு, நுனி தொங்கிப்போனால் 6 முதல் 8 வாரம் நீட்டியபடியே சிம்பு போட வேண்டும். இடையில் ஒரு முறை குளிக்கும்போது மடங்கவிட்டாலும் கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.

படி 4: மருத்துவமனையில் கேட்க வேண்டியவை

எலும்பு முறிவு இல்லை என்று எக்ஸ்ரே சொன்னால் ஜவ்வு நன்றாக இருக்கிறது என்று பொருளில்லை. எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாது. மூட்டு ஆடுகிறதா என்று கையால் சோதிப்பதே முதல் பரிசோதனை. எம்.ஆர்.ஐ. எல்லோருக்கும் வேண்டியதில்லை. கட்டுப் போட்டு அனுப்பும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை நாள் கட்டு? எந்த மூட்டை இப்போதே அசைக்கலாம்? எந்த அசைவு கூடாது? சாலை விபத்து என்றால், 2021-இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் இன்னுயிர் காப்போம் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். நடமாட முடியாத முதியவருக்கு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வழியாக வீட்டுக்கே இயன்முறைப் பயிற்சி கேட்கலாம்.

படி 5: நாலாம் நாளிலிருந்து

மூன்று நாள் ஓய்வு அடிபட்ட மூட்டுக்குத்தான்; கட்டுக்குள் இல்லாத மற்ற மூட்டுகளை முதல் நாளிலிருந்தே அசைக்க வேண்டும். மணிக்கட்டில் கட்டு என்றால் விரல்களை மணிக்கொரு முறை பத்துத் தடவை மூடித் திறங்கள். தோளை முழுதாகச் சுழற்றுங்கள். மணிக்கட்டு ஒடிந்து ஆறு வாரம் கழித்துத் தோள் இறுகி வருகிற ஆச்சிகள் ஏராளம், அதிலும் சர்க்கரை உள்ளவர்கள்.

மருத்துவர் சம்மதித்தபின் தோளுக்கு இப்படித் தொடங்குங்கள். நல்ல கையால் மேசையைப் பிடித்துக் குனிந்து, அடிபட்ட கையைத் தொங்கவிட்டுச் சிறு வட்டமாக ஆட்டுங்கள். ஒரு வாரம் போனதும் பட்டாசாலைத் தூண் உங்களுக்குக் கருவியாகும். தூணுக்கு எதிரே நின்று விரல்களால் நடந்து மேலே ஏறுங்கள். எட்டிய உயரத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, கோட்டை வாரத்துக்கு வாரம் மேலே நகர்த்துங்கள். ஊஞ்சல் கொக்கியில் பழைய கிணற்றுக் கப்பியை மாட்டிக் கயிறு போட்டால், நல்ல கை இழுக்க வலிக்கும் கை மேலே போகும். கடையில் விற்கும் தோள் பயிற்சிக் கருவியும் இதையேதான் செய்கிறது. தோள் முன்பக்கமாக விலகியவர்கள் மட்டும் கையைத் தலைக்குப் பக்கத்தில் தூக்கிப் பின்னால் சாய்க்கும் நிலையை, கல் எறியும் நிலையை, இயன்முறை மருத்துவர் சொல்லும்வரை தொடக் கூடாது.

பலம் ஏற்றுவது பொதுவாக மூன்றாம் வாரத்துக்குப் பிறகு. அசைக்காமல் சுவரை அழுத்துவது, பிறகு அரை லிட்டர் தண்ணீர் பாட்டில், பிறகு ஈரத்துண்டு பிழிவது, சப்பாத்தி மாவு பிசைவது. பயிற்சியின்போது லேசான வலி இருக்கலாம். மறுநாள் காலையில் வீக்கம் கூடியிருந்தால் அளவு அதிகம் என்று அர்த்தம், பாதியாகக் குறையுங்கள். வேலைக்கோ களத்துக்கோ திரும்ப அளவுகோல் தேதி அல்ல: அசைவு முழுதாக இருக்க வேண்டும், நல்ல கையின் பலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு வந்திருக்க வேண்டும்.

வராமல் பார்க்க

தேன்குழல் மாவு இறுக்கமாக இருந்தால் மணிக்கட்டு உழைக்கும். மாவைச் சற்றுத் தளர்வாகப் பிசைந்து, அழுத்தும் அச்சுக்குப் பதில் திருகு அச்சு வாங்குங்கள். அரை மணிக்கு ஒரு முறை கை மாற்றுங்கள். ஆத்தங்குடிக் கல் வார்க்கிற பட்டறைகளில் தண்ணீர்த் தொட்டிக்குள் குனிந்து கல்லை ஒற்றைக் கையால் எடுப்பதைவிட இரண்டு கையால் எடுப்பது மணிக்கட்டுக்கு நல்லது. கல்யாண வீட்டு அண்டாவை ஒருவர் தூக்கி ஆண்மை காட்ட வேண்டியதில்லை, நாலு பேர் இருக்கிறார்கள்.

கபடி, கைப்பந்து ஆடும் பிள்ளைகள் பத்து நிமிடம் உடலைச் சூடேற்றி, தோளைச் சுற்றியுள்ள தசைகளை ரப்பர் பட்டையால் வாரம் மூன்று நாள் பலப்படுத்தட்டும். விழும்போது கையை விறைத்து ஊன்றாமல் தோளை உருட்டி விழப் பழக்கலாம். ஜூடோ ஆடுகிறவர்கள் முதலில் கற்பது அதைத்தான்.

மழைக்காலத்தில் முற்றத்தைச் சுற்றி ரப்பர் பாய் போடுங்கள். கொல்லைப்புறக் குளியலறையில் கைப்பிடி பதியுங்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, பெரிய வீட்டில் தனியாக இருக்கும் ஆச்சியும் ஐயாவும் இருட்டில் உயர நிலைப்படி தாண்டும் இடத்தில் இரவு விளக்கு எரியட்டும். தூணைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் பத்து நொடி நிற்பதை நாளைக்கு இரண்டு வேளை செய்தால் தடுமாற்றம் குறையும். அறுபத்தைந்தைத் தாண்டிய பெண்கள் எலும்பு அடர்த்திச் சோதனை எடுத்துக்கொள்வதும் நல்லது. ஏற்கெனவே ஒரு முறை லேசாக விழுந்து மணிக்கட்டை ஒடித்துக்கொண்டவராக இருந்தால் அந்தச் சோதனையைத் தள்ளிப் போடவே கூடாது.